சீனர்கள் ஏன் இவ்வளவு நெரிசலிலும் தங்கள் நாட்டையே சுற்றிப் பார்க்கிறார்கள்?

கேள்வி சுருக்கமாக இதுதான். அக்டோபர் முதல் வாரத்தில் பெருஞ்சுவரின் படிகளில் கால் வைக்க இடமில்லாமல் மக்கள் அங்குலம் அங்குலமாக நகரும் வீடியோக்களைப் பார்க்கிறோம். இவ்வளவு பாடுபட்டு ஏன் போகிறார்கள்? அது உள்ளே ஊறிய பெருமையா, பள்ளிக்கூடத்திலிருந்தே அரசு ஊட்டிவிட்டதா?

இரண்டும் உண்டு. ஆனால் அந்த இரண்டை மட்டும் வைத்து அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது. நான் தென்சீனாவில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அவர்களோடு சேர்ந்தே ரயில் ஏறினேன். எனக்குப் பட்டது இது: இன்றைய சீனர்களின் மரபுப் பெருமை பார்க்கத்தான் பழசு, வயதில் மிக இளையது. கையை விட்டுப் போயிருக்க வேண்டிய ஒன்று எப்படியோ மிஞ்சிவிட்டது என்ற உணர்வு அதன் அடியில் ஓடுகிறது. மிஞ்சியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரத்தான் அவர்கள் கிளம்புகிறார்கள்.

கூட்டத்தின் காரணத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அது எளிது. சீனாவில் வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை வந்ததே 1995-இல்தான். 1999-இல் அக்டோபர் 1 தேசிய தினத்தை ஒட்டி ஏழு நாள் தொடர் விடுமுறையை உருவாக்கினார்கள். அதற்குப் 'பொன் வாரம்' என்று பெயர். மக்கள் வெளியே வந்து செலவழித்தால் பொருளாதாரம் சூடு பிடிக்கும் என்பது அரசின் கணக்கு. அந்த முதல் ஆண்டில் 2.8 கோடிப் பேர் கிளம்பினார்கள். 2024-இல் அதே வாரத்தில் 76.5 கோடி உள்நாட்டுப் பயணங்கள் நடந்ததாக அரசு சொன்னது. வேலையில் சேர்ந்து பத்து ஆண்டு ஆகாத ஒருவருக்குச் சம்பளத்தோடு சட்டப்படி கிடைக்கும் விடுப்பு ஆண்டுக்கு ஐந்தே நாள். அதையும் கேட்டு வாங்கத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். அதனால் கிளம்பினால் எல்லோரும் ஒரே வாரத்தில்தான் கிளம்ப முடியும். அந்த நாள்களில் கார்களுக்கு நெடுஞ்சாலைச் சுங்கம் கிடையாது. 2008-இல் பெய்ஜிங்கிலிருந்து தியான்ஜினுக்கு ஓடத் தொடங்கிய அதிவேக ரயிலின் பாதை 2024 முடிவில் 48,000 கிலோமீட்டராக வளர்ந்திருந்தது. விளைவைச் சீனர்கள் 'மனித மலை, மனிதக் கடல்' என்பார்கள். அந்தக் கடலில் மாட்டிக்கொண்டு அலுத்துப்போனவர்களிடம் எப்போதும் கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: 'லாய் தோ லாய் ல.' நம் ஊரில் 'வந்தது வந்தாச்சு' என்போமே, அச்சு அசல் அதேதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று அறுபது, எழுபது வயதில் இருப்பவர்களுக்கு ஊர் சுற்றுவது என்பது வாழ்க்கையில் பாதிக்கு மேல் போன பிறகு வந்த விஷயம். அவர்கள் இளமையில் வேறு ஊரில் தங்கும் விடுதிக்குப் போனால் வேலை செய்யும் இடத்திலிருந்து அறிமுகக் கடிதம் காட்ட வேண்டும். வெளியூரில் சாப்பிட வேண்டுமென்றால் நாடு முழுவதும் செல்லுபடியாகும் தானியக் கூப்பன் கையில் இருக்க வேண்டும். அந்தக் கூப்பன் முறை 1993 வாக்கில்தான் முழுதாக ஒழிந்தது. ஒருமுறை பெய்ஜிங் போகும் ரயிலில் என் பக்கத்து இருக்கையில் ஹூனான் மாநிலத்துப் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர். மகனோடும் பேத்தியோடும் முதல் தடவையாகத் தலைநகருக்குப் போகிறார். மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து தியான்அன்மென் சதுக்கத்தில் கொடியேற்றம் பார்க்கப் போவதாகச் சொன்னார். சூரியன் எழும் நிமிடத்தில் கொடி ஏறும். அதைப் பார்க்க இரவெல்லாம் காத்திருப்பவர்கள் உண்டு. எதற்கு இந்த வயதில் இந்தச் சிரமம் என்று கேட்டேன். "முதல் வகுப்புப் புத்தகத்தில் அந்த வாசலின் படம் இருந்தது. அது நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். அதை அரசியலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பாடப்புத்தகம் என்று சொன்னதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மைப் போன்ற வெளியார் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. நான்சாங் நகரில் தெங்வாங் மாடம் என்ற ஒரு கோபுரம் இருக்கிறது. கி.பி. 653-இல் முதலில் கட்டியது. 675-இல் வாங் போ என்ற இளம் கவிஞர் அங்கே நடந்த விருந்தில் பாடிய கவிதைகளுக்கு ஒரு முன்னுரை எழுதினார். அது இன்றும் பள்ளிப் பாடம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். மாடமோ எரிந்தும் இடிந்தும் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டது. 1926-இல் உள்நாட்டுப் போர்த் தீயில் கடைசியாக அழிந்தது. இப்போது நிற்பது 1989-இல் சிமென்டுக் கான்கிரீட்டில் கட்டிய 29-ஆவது மாடம். அங்கே அந்த முன்னுரையை முழுசாக ஒப்பித்தால் நுழைவுச்சீட்டு இலவசம். பத்து வயதுப் பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க, பின்னால் நிற்கும் அப்பா உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். வூஹானின் மஞ்சள் நாரை மாடமும் இப்படித்தான். பழைய மாடம் 1884-இல் எரிந்துபோனது. அது நின்ற இடத்தை 1957-இல் யாங்சிப் பாலம் எடுத்துக்கொண்டது. 1985-இல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி லிஃப்ட் வசதியோடு புதிதாகக் கட்டினார்கள். ஐரோப்பியர்கள் இதைப் பார்த்துப் 'போலி' என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே போகிறவர்களுக்கு மரமும் கல்லும் இரண்டாம் பட்சம். ஆயிரம் ஆண்டாக அழியாமல் வந்தது கவிதை. அந்தக் கவிதை நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். டாங் காலக் கவிஞர் லீ பை நின்ற இடத்தில் நாமும் நின்று அதே ஆற்றைப் பார்க்கிறோம் என்பதற்காக இருபது மணி நேரம் ரயிலில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பெருமையை எந்த அரசும் ஊட்டியிருக்க முடியாது.

சரி, பெருஞ்சுவருக்கு வருவோம். அது ஆதிகாலம் தொட்டே சீனர்களின் பெருமைச் சின்னம் என்று நினைத்தால் தவறு. சாதாரண மக்களின் வாய்வழிக் கதையில் அந்தச் சுவர் கொடுமையின் சின்னம். மெங் ஜியாங்நு கதை சீனாவின் நான்கு பெரும் நாட்டார் கதைகளில் ஒன்று. புதுசாகக் கல்யாணமான கணவனைச் சுவர் கட்ட இழுத்துப் போகிறார்கள். குளிர்காலத்துக்குத் துணி தைத்து எடுத்துக்கொண்டு அவள் தேடிப்போகிறாள். அவன் செத்துப்போன செய்திதான் கிடைக்கிறது. அவள் அழுத அழுகையில் சுவர் இடிந்து விழுகிறது. இந்தக் கதையைச் சொல்லி வளர்ந்த மக்கள் அந்தச் சுவரையே நாட்டின் முகமாக மாற்றிக்கொண்டது 20-ஆம் நூற்றாண்டில்தான். 1933-இல் ஜப்பான் படையைச் சீன வீரர்கள் அந்தச் சுவரின் கணவாய்களில் நின்று எதிர்த்தார்கள். இன்றைய தேசிய கீதம் 1935-இல் பிறந்த பாட்டு. அடிமையாக மறுப்பவர்கள் தங்கள் தசையாலும் குருதியாலும் புதிய பெருஞ்சுவர் எழுப்ப வேண்டும் என்று அது அழைக்கிறது. இழுத்துப் போகப்பட்டவனின் உடலைத் தின்ற சுவர் அந்தப் பாட்டில் மக்களின் உடலாகவே ஆகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

ஆனாலும் 1970-களில் கூட அந்தச் சுவரின் செங்கலைப் பெயர்த்து வீடும் பன்றிக் கொட்டிலும் கட்டிக்கொண்ட கிராமங்கள் இருந்தன. 1984-இல் பெய்ஜிங் செய்தித்தாள்கள் சில சேர்ந்து 'நம் சீனாவை நேசிப்போம், நம் பெருஞ்சுவரைச் சீரமைப்போம்' என்று நன்கொடை இயக்கம் தொடங்கின. அப்போது நாட்டை வழிநடத்திய தெங் சியாவ்பிங் அந்த வரியைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் நிலைமை மாறியது. இன்று பெய்ஜிங்குக்கு அருகே சுவரின் பாதாலிங் பகுதியில் ஒரு நாளைக்கு 65,000 பேருக்கு மேல் விடுவதில்லை. சுவரின் அடியில் கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆழத்தில் அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. 2019 டிசம்பரில் திறந்தது. அங்கே இறங்குகிறவர்கள் பலரும் பக்கத்தில் இருக்கும் பழைய ரயில் பாதையையும் தேடிப் பார்ப்பார்கள். அது 1909-இல் ஜான் தியான்யோ என்ற பொறியாளர் வெளிநாட்டு உதவி இல்லாமல் போட்ட பாதை. சீனர்களே திட்டமிட்டுக் கட்டிய முதல் பெரிய ரயில் பாதை என்று அதைப் பள்ளியில் படிக்கிறார்கள். நீராவி எஞ்சின் மலையேற முடியாமல் முன்னும் பின்னுமாகப் போய்வந்த இடத்துக்கு அடியில் இப்போது ரயில் சில நிமிடத்தில் கடந்துவிடுகிறது. அவர்களின் பெருமை எங்கிருந்து வருகிறது என்று தெரிய அந்த இரண்டு பாதைகளையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

கையை விட்டுப் போயிருக்க வேண்டியது மிஞ்சிவிட்டது என்று முதலில் சொன்னேன். அதற்கு நான் எப்போதும் நினைக்கும் உதாரணம் ஷான்ஷி மாநிலத்தின் வூதாய் மலையில் இருக்கும் ஃபோகுவாங் கோயில். 1930-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு கருத்து சொல்லிவந்தார்கள்: டாங் வம்ச காலத்து (கி.பி. 618–907) மரக்கட்டடம் சீனாவில் ஒன்றுகூட மிச்சமில்லை, பார்க்க வேண்டுமானால் ஜப்பானின் நாரா நகருக்கு வாருங்கள். லியாங் ஸுசெங், லின் ஹுய்யின் என்ற கட்டடக்கலை அறிஞர் தம்பதிக்கு அது மனதில் தைத்தது. துன்ஹுவாங் குகைச் சுவரோவியம் ஒன்றில் வூதாய் மலை வரையப்பட்டிருக்கிறது; அதில் இந்தக் கோயிலின் பெயர் இருந்தது. 1937 கோடையில் கோவேறு கழுதை மேல் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இருட்டில், வௌவால் கூட்டத்துக்கு நடுவில், கூரைக்குள் ஏறி நாள்கணக்கில் அளந்தார்கள். ஒரு நாள் கீழே நின்றுகொண்டிருந்த லின்னுக்கு உத்தரத்தின் அடியில் மங்கலாக மை எழுத்துத் தெரிந்தது. கட்டக் காசு கொடுத்த பெண்ணின் பெயர் அது: நிங் கொங்யு. வெளியே நிற்கும் கல்தூணிலும் அதே பெயர், ஆண்டோடு இருந்தது. கணக்குப் பார்த்தால் கி.பி. 857. டாங் காலம். மண்டபத்தின் மூலையில் சிலைகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெண் உருவம் உட்கார்ந்திருக்கிறது. அது அந்த நிங் கொங்யுதான் என்று லின் கண்டார்.

அவர்கள் மலையை விட்டு இறங்கிய சில நாளில், தாமதமாக வந்த செய்தித்தாளில், ஜூலை 7 அன்று பெய்ஜிங்குக்கு அருகே மார்கோ போலோ பாலத்தில் போர் வெடித்துவிட்டது என்று படித்தார்கள். அடுத்த எட்டு ஆண்டு ஜப்பானோடு போர். இருவரும் தென்மேற்கே அகதிகளாக ஓடினார்கள். லின் காசநோயால் படுத்த படுக்கையானார். 1942-இல் அந்தக் கஷ்டத்திலும் லியாங் தெங்வாங் மாடத்துக்கு வரைபடம் வரைந்து கொடுத்தார். 1989-இல் எழுந்த மாடம் அந்த வரைபடத்தை ஒட்டியதுதான். நான் ஃபோகுவாங் போனபோது குளிர்காலம், கூட்டமே இல்லை. ஒரு கல்லூரி மாணவி டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். என்ன யோசித்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இதே போல இன்னொரு கதையும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பெய்ஜிங் அரண்மனை 1925-இல் அருங்காட்சியகமானது. 1933-இல் ஜப்பான் படை நெருங்கியதும் 13,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளில் பொருள்களை ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். ரயில், படகு, லாரி என்று பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அவை ஊர் ஊராக அலைந்தன. அவற்றில் கிட்டத்தட்ட 3,000 பெட்டிகள் 1949-க்குள் தைவான் போய்விட்டன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அரண்மனைக்குள் நுழைகிற ஒவ்வொரு சீனருக்கும் இங்கே இல்லாத பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பதும் தெரியும். 1860-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எரித்த யுவான்மிங்யுவான் தோட்டத்தை இடிபாடாகவே வைத்திருப்பதும் அதற்காகத்தான். அங்கிருந்து கொள்ளைபோன பன்னிரண்டு வெண்கல விலங்குத் தலைகளில் எலியும் முயலும் 2013-இல் பாரிஸிலிருந்து திரும்பியபோது அது நாடு முழுவதற்கும் செய்தி.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்நியர் அழித்ததைவிடத் தாங்களே அழித்ததைப் பற்றி அவர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். பெய்ஜிங்கின் நகர மதிலை இடிக்க வேண்டாம், அதன் மேலே மக்கள் உலாவும் பூங்கா அமைக்கலாம் என்று அதே லியாங் 1950-களில் கெஞ்சினார். கேட்கவில்லை. மதில் போனது. 1966-இல், மாவோவின் கலாச்சாரப் புரட்சியில் கிளம்பிய இளைஞர் படையான செங்காவலர்கள் கன்ஃபூஷியஸ் பிறந்த சூஃபூவுக்கே போய்க் கோயிலையும் கல்லறைகளையும் உடைத்தார்கள். பெய்ஜிங்கின் நடுவே தெற்கு வடக்காக ஓடும் நேர்கோடான நடு அச்சுக்குத் தென்முனையாக இருந்த யொங்திங்மென் வாசலை 1957-இல் இடித்தார்கள். 2004-இல் திரும்பக் கட்டினார்கள். 2024-இல் அந்த நடு அச்சு உலக மரபுச் சின்னமானது. அந்தப் புதிய வாசல் முன்னால் நின்று படம் எடுக்கும் குடும்பத்தில் தாத்தாவுக்குப் பழைய வாசல் நினைவிருக்கும். அவர் அதைப் பேத்தியிடம் சொல்வாரா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

அரசின் கை எங்கே இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். வெளிப்படையாகவே இருக்கிறது. 1989 தியான்அன்மென் போராட்டத்தை அடக்கிய பிறகு, சோவியத் ஒன்றியமும் சரிந்த பிறகு, கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தன் ஆட்சியை நியாயப்படுத்த வர்க்கப் போராட்டத்தைவிட நாட்டுப்பற்று கைகொடுத்தது. 1994-இல் தேசபக்திக் கல்விக்கான திட்டம் வந்தது. 1997-இல் முதல் நூறு இடங்களைத் தேசபக்திக் கல்வித் தளங்கள் என்று அறிவித்தார்கள். 1840 அபினிப் போரிலிருந்து தொடங்கும் 'நூற்றாண்டு அவமானம்' பாடத்தின் மையமானது. 2004-இலிருந்து 'செம்பயணம்' என்ற பெயரில் கட்சியின் புரட்சி வரலாற்றோடு தொடர்புள்ள ஜிங்காங்ஷான், யானான், மாவோ பிறந்த ஷாவ்ஷான் போன்ற இடங்களுக்குச் சுற்றுலாவை வளர்த்தார்கள். அலுவலகமே பேருந்து பிடித்து அனுப்பும். செம்படைச் சீருடையை வாடகைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு படம் எடுப்பார்கள். 2018-இல் பண்பாட்டு அமைச்சகத்தையும் சுற்றுலாத் துறையையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 2024 ஜனவரி 1 முதல் தேசபக்திக் கல்விக்குத் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்தது.

எல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். 2008-இலிருந்து அரசு அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவை இலவசம். 2024-இல் நாட்டில் 7,046 அருங்காட்சியகங்கள்; ஓராண்டில் 149 கோடி வருகைகள். கூலி வேலை செய்யும் குடும்பமும் செலவில்லாமல் மூவாயிரம் ஆண்டு வெண்கலப் பாத்திரத்தின் முன்னால் நிற்கலாம். இது பெரிய காரியம். ஆனால் இந்தப் பெருமைக்கு நிழலும் உண்டு. 2022-இல் சுஜோ நகரில் ஜப்பானிய உடையான கிமோனோ அணிந்து படம் எடுத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பழைய அடையாளம் ஒன்றை விரும்புவதும் இன்னொன்றை அணியக் கூடாது என்பதும் வேறு வேறு. மேற்கு எல்லையில் உள்ள காஷ்கரில் உய்குர் முஸ்லிம் மக்களின் மண்வீடுகளால் ஆன பழைய நகரை 2009-இலிருந்து இடித்துத் திரும்பக் கட்டினார்கள். நிலநடுக்கப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். இன்று அது நாட்டின் பெரிய சுற்றுலா இடங்களில் ஒன்று. அங்கே போய்ப் படம் எடுக்கிற மக்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் யாருடைய மரபை யார் முடிவு செய்து காட்டுகிறார்கள் என்ற கேள்வியை அங்கே விட்டுவிட முடியாது.

இளைஞர்களைப் பற்றிச் சொல்லாமல் பதில் முடியாது, ஏனென்றால் இப்போது அலையைக் கிளப்புவது அவர்கள்தான். 2023-இல் 'சிறப்புப் படைப் பயணம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறி, தூங்காமல் ஒரே நாளில் ஆறேழு இடம் பார்த்து, ஞாயிறு இரவே கல்லூரி விடுதிக்குத் திரும்பிவிடுவார்கள். 2024 ஆகஸ்டில் சன் வூகொங் என்ற குரங்கு வீரனின் கதையை வைத்து 'பிளாக் மித்: வூகொங்' என்ற வீடியோ விளையாட்டு வந்தது. அதில் வரும் கட்டடங்களுக்காக 36 உண்மையான இடங்களைப் படம்பிடித்திருந்தார்கள். அதில் 27 ஷான்ஷி மாநிலத்தில். நிலக்கரிச் சுரங்கத்துக்கு மட்டுமே பேர்போன மாநிலம் அது. மழை குறைவு, மலை அதிகம், பணம் குறைவு. அதனாலேயே பழைய மரக் கோயில்கள் இடிபடாமல் தப்பின. கி.பி. 782-இல் கட்டிய நான்சான் கோயிலும் அங்கேதான். மலைநாட்டு வட்டம் ஒன்றில் சியாவ்ஷிதியான் என்ற சின்ன மிங் வம்ச காலத்து (1368–1644) மண்டபம் இருக்கிறது. சுவரெல்லாம் அலை போல எழும் சுதைச் சிலைகள். விளையாட்டு வந்ததும் அங்கே வரிசை நீண்டது. லியாங்கும் லின்னும் கழுதையில் தேடிப்போன மாநிலத்துக்கு இந்தப் பிள்ளைகள் கையில் ஃபோனோடு போனார்கள். இவர்களுக்கு வழி காட்டியது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

உடையும் அப்படித்தான். சியானிலும் லுவோயாங்கிலும் பழைய 'ஹான்ஃபூ' உடையை வாடகைக்கு வாங்கி, தலைமுடி கட்டி, படம் எடுத்துக்கொள்ளும் பெண்களைத் தெருத்தெருவாகப் பார்க்கலாம். 1644-இல் வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சு இனத்தவர் ஆட்சிக்கு வந்தபின் மறைந்த உடை அது. அதனால் பெரும்பான்மையான ஹான் இனப் பெருமையின் சாயல் அதில் உண்டு. அது எனக்குச் சற்றுக் கவலை தரும் விஷயம். ஆனால் அணிகிற பெண்களில் பலருக்கு அது அழகு, தோழிகளோடு ஒரு நாள், அவ்வளவே. 2022-இல் பிரெஞ்சு நிறுவனமான டியோர் விற்ற ஒரு பாவாடை பழைய 'மாமியான்' பாவாடையின் வெட்டில் இருந்ததைக் கண்டு கொதித்தார்கள். அதன் பிறகு உண்மையான மாமியான் பாவாடை அலுவலகத்துக்குப் போட்டுப் போகும் சாதாரண உடையாகிவிட்டது. ஷான்தொங்கின் சாவ் வட்டத்தில் தறிகளும் தையல் எந்திரங்களும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. பறிபோகிறது என்று தோன்றும்போதுதான் பற்று முளைக்கிறது. 2005-இல் தென்கொரியாவின் காங்னுங் தானோ விழா யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றபோதும் இதுவே நடந்தது. தங்கள் டிராகன் படகு விழாவைக் கொரியா எடுத்துக்கொண்டதென்று சீனாவில் கோபம் எழுந்தது. உண்மையில் இரண்டும் வேறு வேறு வழக்கங்கள். ஆனால் 2008-இல் அந்த நாளுக்குச் சீனாவில் பொது விடுமுறை வந்தது. 2009-இல் அவர்கள் விழாவும் பட்டியலில் சேர்ந்தது.

அப்புறம், பெருமைப்படத் தெரிந்தவர்களுக்கு வெட்கப்படவும் தெரியும். 2013-இல் எகிப்தின் லக்சர் கோயில் சுவரில் ஒரு சீனச் சிறுவன் தன் பெயரைக் கீறிவைத்த படம் வெளியானபோது, மிகவும் கடுமையாகப் பேசியவர்கள் சீனர்கள்தான். 'நம் பெருஞ்சுவரில் யாராவது கீறினால் சும்மா இருப்போமா?' என்ற தொனியில் எழுதித் தள்ளினார்கள்.

கடைசியாகச் சுவான்சௌ. ஃபூஜியன் மாநிலத்துத் துறைமுகம். சோங், யுவான் வம்சங்களின் காலத்தில் (10 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை) உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2021-இல் அதன் 22 இடங்கள் சேர்ந்து உலக மரபுப் பட்டியலில் ஏறின. அங்கே மசூதி இருக்கிறது, பாரசீகத்திலிருந்து வந்த மானி மதத்தின் கோயில் இருக்கிறது. 1281-இல் குப்லாய் கான் ஆட்சியில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் கல்வெட்டும் அங்கேதான் கிடைத்தது. தமிழ் எழுத்து, கீழே ஒரு வரி சீனம். கோயில் பின்னால் இடிந்தது. அதன் கற்கள் மிங் காலத்தில் காய்யுவான் புத்த கோயிலின் கட்டுமானத்துக்குப் போயின. பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போனால் இரண்டு தூண்கள். நரசிம்மரும் கண்ணனும் அதில் நிற்கிறார்கள். கடல் வாணிப அருங்காட்சியகத்தில் லிங்கத்துக்கு யானை பூச்சொரியும் கல் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குத் திருவானைக்காதான் நினைவுக்கு வந்தது.

காய்யுவானில் அந்தத் தூண் முன்னால் ஒரு தகப்பனும் மகளும் நின்றார்கள். மகள் பக்கத்துச் சுன்பூ மீனவக் கிராமத்துப் பெண்கள் வைப்பது போலக் கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூ வைத்திருந்தாள். இந்தச் சில ஆண்டாகச் சுவான்சௌவுக்கு வரும் பெண்கள் எல்லோரும் அதை வைத்துக்கொள்கிறார்கள். அவர் அறிவிப்புப் பலகையைச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எந்த ஊர் என்று கேட்டார். தென்னிந்தியா என்றேன், கடற்கரைப் பக்கம் என்றேன். அவர் பலகையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் இதை வைத்தது உங்கள் ஊர்க்காரர்களா?"

ஆமாம் என்றேன். "நாங்கள் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம், பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, மகளை என் பக்கத்தில் நிற்கச் சொல்லி, தூணும் தெரியும்படி ஒரு படம் எடுத்தார்.